இலவச டவுன் பஸ்: திருப்பூர் பனியன் கம்பெனிக் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு விமர்சனம்

மகளிர் விடியல் பயணம் பஸ்ஸுக்கு நான் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது கூட்டத்துக்காகவோ ஓட்டை சீட்டுக்காகவோ இல்லை, எங்கள் பக்கம் இரவு எட்டரைக்கு மேல் வண்டி கிடைப்பதே அபூர்வம் என்பதற்காக. ஒரு பஸ் எத்தனை மணிக்குக் கடைசியாகப் புறப்படுகிறது என்பதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே போகும்.

முதலில், தெரியாதவர்களுக்காக. 2021 மே 7 அன்று ஸ்டாலின் முதலமைச்சராகப் பதவியேற்றதும் கையெழுத்துப் போட்ட உத்தரவுகளில் இதுவும் ஒன்று, மறுநாளே நடைமுறைக்கு வந்துவிட்டது. அரசு சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்கள் எல்லோருக்கும் கட்டணம் இல்லை. ரேஷன் கார்டு வேண்டாம், வருமானச் சான்று வேண்டாம், வேலைக்குப் போகிறோமா கோயிலுக்குப் போகிறோமா என்று யாரும் கேட்பதில்லை, ஒரு நாளைக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். திருநங்கையருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுக்குத் துணையாக வருபவருக்கும் உண்டு. முகப்பில் பிங்க் பெயின்ட் அடித்த வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் கோவை, திருப்பூர் பக்கம் புதிதாக வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இங்கே தனியார் டவுன் பஸ் நிறைய ஓடுகிறது, அதில் முழு டிக்கெட். வெளியூர் வண்டியிலும் டிக்கெட்தான். கிடைத்த வண்டியில் ஓடிப்போய் ஏறிவிட்டு, கண்டக்டர் கை நீட்டும்போது விழிக்கிற பெண்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

வண்டி எப்படி என்று கேட்டால், காலை ஏழரையிலிருந்து எட்டரை வரை படியில் கால் வைக்க இடம் கிடைத்தால் அன்று நல்ல நாள். டிபன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து நிற்கவேண்டும். நெருக்கடி உண்மை, அதை மறைக்க மாட்டேன். இருந்தாலும் நான் நான்கு கொடுக்கிறேன், காரணம் என் மேஜையில் இருக்கிறது.

நான் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சனிக்கிழமை வாரச் சம்பளம் போடுவது என் வேலை. திருப்பூரை அறிந்தவர்களுக்குத் தெரியும், இங்கே சம்பளம் ஷிப்ட் கணக்கு. காலை எட்டரைக்கு வந்து மாலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை, ஒன்பது வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட். ஷிப்மென்ட் நெருக்கும்போது ஒன்றரைதான் வழக்கமான நாள் என்று ஆகிவிடும். இப்போது சம்பளப் பட்டியலில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பெயர்களை எடுத்துக்கொள்வோம், ஆண் ஒருவர், பெண் ஒருவர், இருவருக்கும் ஒரே ஷிப்ட் ரேட் என்றே வைத்துக்கொள்வோம். அவர் ஆறு நாளும் ஒன்றரை பார்த்தால் ஒன்பது ஷிப்ட். அவள் ஆறு நாளும் வந்து ஐந்தரைக்குக் கிளம்பினால் ஆறு ஷிப்ட். ஒருவர்கூட விதியை மீறவில்லை, கம்பெனி யாருக்கும் ஒரு பைசா பிடிக்கவில்லை, ஆனால் சனிக்கிழமை கவரில் அவருடைய பணத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் அவளுக்கு. மாதம் முழுக்க, வருஷம் முழுக்க இப்படியே. அப்புறம் ஒரு நாள் சூப்பர்வைசர் வேலை காலியாகிறது. "எந்நேரமும் இருக்கிற ஆளா பாருங்க" என்கிறார்கள். எந்நேரமும் இருந்தது யார் என்று பட்டியலே சொல்லிவிடுகிறது.

2023-இல் பொருளாதார நோபல் வாங்கிய கிளாடியா கோல்டின் அமெரிக்க வக்கீல்களையும் கம்பெனி அதிகாரிகளையும் வைத்துச் சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தான்: நீண்ட நேரம் இருந்து, கூப்பிட்டபோதெல்லாம் வரக்கூடிய ஆளுக்கு வேலை கூடுதலாகக் கொடுக்கிறது, வீட்டுப் பொறுப்பு இருப்பவள் அந்தக் கூடுதலை இழக்கிறாள். அங்கே அது வக்கீல் ஆபீஸ், இங்கே துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷின்.

ஒரே ரேட் என்று மேலே வைத்துக்கொண்டோமே, உண்மையில் ரேட்டும் ஒன்று இல்லை. கட்டிங், அயர்ன், பவர் டேபிள் டெய்லர் எல்லாம் பெரும்பாலும் ஆண்கள் கையில். செக்கிங், டேமேஜ் பார்ப்பது, கைமடி, பேக்கிங் எல்லாம் பெண்கள். முதல் வரிசைக்கு ரேட் அதிகம், இரண்டாம் வரிசைக்குக் குறைவு. அயர்ன் பாக்ஸ் கனம், சூடு, அதனால் என்பார்கள். சரி, கனம்தான். ஆனால் ஒரு செக்கிங் பெண் டேபிளில் நின்று, டீ சர்ட்டை உள்ளும் புறமும் திருப்பி, தையல் விட்டது, நூல் இழுத்தது, எண்ணெய்க் கறை, நிற வித்தியாசம் எல்லாவற்றையும் சில நொடிகளில் கண்டுபிடிக்கிறாள், நாள் முழுக்க நின்றுகொண்டு. அவள் ஒன்றைத் தவறவிட்டால் பையர், அதாவது ஆர்டர் கொடுத்தவர், சரக்கையே திருப்பி அனுப்பலாம். அது திறமை இல்லையாம், பெண்களுக்கு இயல்பாகவே பொறுமை இருக்கிறதாம். பெண்கள் கூட்டமாகச் செய்கிற வேலை எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு பொறுமைப் பட்டம் கொடுத்துவிட்டு ரேட்டைக் குறைத்துவிடுவதை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன், எனக்கு அது ஆறவே ஆறாத கோபம்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கோ ஒரே தன்மையான வேலைக்கோ வேறு வேறு சம்பளம் கூடாது என்றது, இப்போது அது 2019 ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. மெக்கின்னன் மெக்கன்சி கம்பெனியில் ஸ்டெனோகிராபராக இருந்த ஆட்ரி டிகோஸ்டா, ஆண் ஸ்டெனோக்களுக்கு மட்டும் அதிகம் தருகிறார்கள் என்று வழக்குப் போட்டு 1987-இல் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுத்தான் அப்படி வைத்தோம் என்று கம்பெனி சொன்னதைக்கூட நீதிமன்றம் ஏற்கவில்லை. நல்ல தீர்ப்பு. ஆனால் செக்கிங்கும் அயர்னும் வேறு வேலை, ஆறு ஷிப்டும் ஒன்பது ஷிப்டும் வேறு எண்ணிக்கை. என் பட்டியலில் இருக்கும் இடைவெளியில் பெரும்பகுதி இந்தச் சட்டத்தின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது.

பஸ் அங்கேதான் வருகிறது.

இந்த ஊரில் கம்பெனி வேன் என்று ஒன்று உண்டு. சுற்றுக் கிராமங்களுக்கு விடியற்காலையில் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு வரும், மாலையில் கொண்டுபோய் விடும். காசு கிடையாது. வீட்டு வாசலுக்கே வருவதால் மாமியாருக்கும் புருஷனுக்கும் நிம்மதி. ஆனால் அந்த வேன் ஒரே கம்பெனிக்குத்தான் போகும். பக்கத்துத் தெருக் கம்பெனியில் ஷிப்டுக்கு இருபது ரூபாய் சேர்த்துத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டாலும், அங்கே போக வேன் கிடையாது, சொந்தச் செலவில் பஸ்ஸில் போனால் அந்த இருபதும் டிக்கெட்டுக்கே சரியாகிவிடும். அதனால் அவள் நகரமாட்டாள், நகரமாட்டாள் என்பது கம்பெனிக்கும் தெரியும், தெரிந்தபின் ஏன் ரேட்டை ஏற்றுவார்கள்? ஆண் டெய்லருக்கு ஒரு பைக் இருக்கிறது, ரேட் சரியில்லை என்றால் திங்கட்கிழமை வேறு கம்பெனி வாசலில் நிற்பான். அவனுக்கு நிறைய முதலாளிகள், அவளுக்கு ஒரே ஒரு முதலாளி. இதே கயிற்றின் மிக இறுக்கமான முடிச்சுதான் ஸ்பின்னிங் மில்களில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நடந்தது, கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி இளம்பெண்களை மூன்று வருஷம் மில் விடுதியிலேயே வைத்திருந்தார்கள்.

இலவச பஸ் வந்தபின் நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் செக்கிங்கில் இருந்த ஒரு அக்கா, வருஷக்கணக்காக வேனில் வந்தவர், ஒரு நாள் என்னிடம் வந்து, "கண்ணு, என் பி.எஃப். நம்பரை எழுதிக் குடு, நான் அந்தப் பக்கம் போறேன்" என்றார். அந்தப் பக்கம் என்றால் நான்கு ஸ்டாப் தள்ளி ஒரு கம்பெனி. அங்கே செக்கிங்குக்கே ரேட் கொஞ்சம் கூடுதல், அதோடு மதிய இடைவேளையில் ஓவர்லாக் பழக விடுகிறார்களாம். பஸ் இலவசம் என்பதால் ஒரு வாரம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்கிற தைரியம் வந்தது என்றார். போனார். டெய்லர் ஆகிவிட்டார். அவர் போனபின் எங்கள் சூப்பர்வைசர், செக்கிங் ரேட்டை ஏற்றலாமா என்று முதலாளியிடம் தானாகவே போய்க் கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

மாநிலத் திட்டக்குழு செய்த ஆய்வில் இந்தத் திட்டத்தால் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று வந்தது. எல்லோரும் அந்த 888-ஐத்தான் பேசுகிறார்கள். மளிகை, பிள்ளைக்கு நோட்டு, மாத்திரை என்று அது போகிற இடமெல்லாம் எனக்கும் தெரியும், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் என்னைக் கேட்டால், இந்த பஸ்ஸின் பெரிய பலன் வேலையை மாற்றிக்கொள்ள முடிவதுதான்.

இப்போது அந்தக் குறைத்த ஒன்று.

ஒன்றரை ஷிப்ட் முடிந்து கேட்டை விட்டு வெளியே வரும்போது மணி ஒன்பதை நெருங்கியிருக்கும். அந்த நேரத்தில் எங்கள் கிராமத்துப் பக்கம் அரசு டவுன் பஸ் இல்லாத நாள்தான் அதிகம். தனியார் வண்டி வந்தால் காசு, வராவிட்டால் ஷேர் ஆட்டோ, அதுவும் இல்லாவிட்டால் வீட்டிலிருந்து யாராவது வண்டி எடுத்துக்கொண்டு வரவேண்டும், வரும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வருவார்கள். ஆகவே பெண்கள் ஐந்தரைக்கே கிளம்புகிறார்கள். "பொம்பளைங்க ஒன்றரை பாக்க மாட்டாங்க" என்று கம்பெனியில் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வாய் துடிக்கும். பஸ் இருந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்! பகலில் ஒரு முதலாளியிடமிருந்து இன்னொருவரிடம் போக வழி திறந்த அதே திட்டம், ஆறு ஷிப்டை ஒன்பதாக்க வழியில்லாமல் இரவு எட்டரையோடு நின்றுவிடுகிறது.

பஸ் மட்டும் வந்துவிட்டால் போதுமா என்றால், போதாது. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு அதைச் செய்கிற பெண் ஒரு நாளைக்கு 299 நிமிடமும் ஆண் 97 நிமிடமும் செலவிடுவதாக வந்தது. ஐந்து மணி நேரம்! அது ஒன்றரை ஷிப்டின் அந்த அரை ஷிப்டைவிட அதிகம். அங்கன்வாடி மாலை நான்கு மணிக்குள் மூடிவிடுகிறது, பிள்ளையை யார் பார்ப்பது? முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே சொல்லியிருந்தது. பெயருக்கு ஒரு தொட்டிலும் இரண்டு பொம்மையும் வைத்து ஆடிட் அன்று மட்டும் திறக்கிற அறையைக் காப்பகம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு வந்தது எங்கள் ஆட்களுக்குப் பெரிய உதவி, விடிகாலையில் ஒரு அடுப்பு வேலை குறைந்தது, ஏழேகால் வண்டியைப் பிடிக்க முடிகிறது. இதெல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டவை. ஒன்றை மட்டும் பிடித்து இழுத்தால் பாதி வழிதான் வரும்.

மரியாதையைப் பற்றியும் சொல்லவேண்டும். நல்ல கண்டக்டர்கள் பலர் இருக்கிறார்கள், வயசான அம்மா ஏறும்வரை விசில் ஊதாமல் நிற்பவர்கள். கைகாட்டினால் ஸ்டாப்பைத் தாண்டிப்போய் நிறுத்தி ஓடவிடுகிறவர்களும், "சும்மா வர்றவங்க உள்ள தள்ளிப் போங்க" என்று கத்துகிறவர்களும் இருக்கிறார்கள். 2022-இல் ஒரு அமைச்சரே மேடையில் ஓசிப் பயணம் என்று பேசிக் கண்டனம் வாங்கிக்கொண்டார். நாங்கள் சும்மா வரவில்லை. வாங்குகிற சோப்புக்கும் எண்ணெய்க்கும் வரி கட்டிவிட்டுத்தான் வருகிறோம், அந்த வரியிலிருந்துதான் அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு எங்கள் டிக்கெட் காசைக் கொடுக்கிறது. இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். அவர்களைக் கொண்டுவந்து சேர்க்கிற வண்டி இது.

ஆண்களுக்கு ஏன் இல்லை என்று கேட்கும் தம்பிகளுக்கு: உங்கள் சம்பளக் கவரையும் உங்கள் அக்காவின் சம்பளக் கவரையும் ஒரு சனிக்கிழமை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

புதிதாக வேலை தேடும் பெண்களுக்கு என் யோசனை, முதலில் உங்கள் ஊருக்கு அரசு டவுன் பஸ் போகும் நேரங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அந்த வழியில் இருக்கும் எல்லாக் கம்பெனியிலும் ரேட் கேளுங்கள், வேன் அனுப்புகிறார்கள் என்பதற்காக மட்டும் ஓரிடத்தில் சேராதீர்கள். ஷிப்ட் ரேட் எவ்வளவு என்பதோடு மெஷின் பழக விடுவார்களா என்பதையும் கேளுங்கள்.

எங்கள் வழித்தடத்தில் இரவு ஒன்பதே காலுக்கு ஒரு அரசு வண்டி வேண்டும் என்று செக்கிங், பேக்கிங் ஆட்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கப் போகிறோம். ஆண் டெய்லர்கள் சிலரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வண்டி விட்டுவிட்டால் அந்த ஐந்தாவது மதிப்பெண்ணையும் கொடுத்துவிடுகிறேன்.