ஆடம்ஸா, ஜாக்சனா?

1776-இல் டிரென்டன் போரில் குண்டடி பட்ட ஜேம்ஸ் மன்றோ 1825-இல் ஜனாதிபதி பதவியை விட்டு இறங்கியதோடு, அமெரிக்கப் புரட்சியை நடத்திய தலைமுறையின் ஆட்சி முடிந்தது. அடுத்து யார்? ஜான் குவின்சி ஆடம்ஸ், ஆண்ட்ரூ ஜாக்சன் இருவருமே 1767-இல் பிறந்தவர்கள். ஆனால் 1781-ஐ மட்டும் எடுத்துப் பாருங்கள்: 14 வயது ஆடம்ஸ், ரஷ்யாவுக்குத் தூது போன பிரான்சிஸ் டானாவுக்குச் செயலாளர், அதே ஆண்டு ஜாக்சன், பிரிட்டிஷ் அதிகாரியின் பூட்ஸைத் துடைக்க மாட்டேன் என்றதற்காக வாள்வெட்டு வாங்கி, அந்தத் தழும்பைக் கையிலும் தலையிலும் சாகும்வரை சுமந்தவர்.

1824 தேர்தலில் ஜாக்சனுக்கு 99 தேர்வாளர் வாக்குகள் (மாநிலங்களின் சார்பில் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பவர்களின் வாக்குகள்), ஆடம்ஸுக்கு 84. யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால் பிரதிநிதிகள் சபை ஆடம்ஸைத் தேர்ந்தெடுத்தது. அப்புறம், அங்கே ஆடம்ஸுக்கு ஆதரவு தந்த சபாநாயகர் ஹென்றி கிளேயை ஆடம்ஸே வெளியுறவு அமைச்சர் ஆக்கியதும் ஜாக்சன் ஆட்கள் கொதித்துப் போனார்கள், அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். 1828-இல் 178-க்கு 83 என்று ஜெயித்துக் காட்டினார்கள்.

சரி, நான் யார் பக்கம்? சாதாரண வெள்ளையர்களை அரசியலுக்குள் இழுத்து வந்தவர் ஜாக்சன், மறுக்க முடியாது. ஆனால் பூர்வகுடிகளை அவர்கள் மண்ணிலிருந்து வெளியேற்றும் 1830 சட்டத்தில் கையெழுத்துப் போட்டதும் அவர்தான், அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆடம்ஸோ தோற்ற பிறகும் வீட்டில் உட்காரவில்லை. 1831 முதல் சபையில் சாதாரண உறுப்பினராக இருந்து, அடிமைமுறைக்கு எதிரான மனுக்களைப் பேசவிடாமல் தடுத்த விதியை, 1844-இல் அது ரத்தாகும்வரை விடாமல் எதிர்த்தார். என் ஓட்டு அவருக்குத்தான்.