கஞ்சா எப்ப வெட்டணும்னு பாக்குற 60எக்ஸ் பாக்கெட் மைக்ராஸ்கோப் – தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருந்து ரிவ்யூ

வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு மூணு செடி வச்சிருக்கிற எல்லாருக்கும் மார்ச் பொறந்துட்டா ஒரே கேள்விதான், இப்ப வெட்டிடலாமா இல்ல இன்னும் ஒரு வாரம் விடலாமா. அந்த ஒரு கேள்விக்காகவே நான் வாங்கினது இது. பிராண்டு பேர்னு எதுவும் இல்ல, கட்டைவிரல் நீளம், பிளாஸ்டிக் பாடி, சின்ன எல்இடி லைட், மூணு பட்டன் பேட்டரி, மேல 60எக்ஸ்னு, அதாவது அறுபது மடங்கு பெருசாக் காட்டும்னு அடிச்சிருக்கு. டர்பன்ல செடி வளக்குற சாமான் விக்கிற ஒரு க்ரோ ஷாப்ல வாங்கினேன், குடும்பத்தோட ஒரு வேளை வெளிய சாப்பிடுற காசு கூட ஆகல. அஞ்சுக்கு நாலு ஸ்டார் தைரியமா குடுப்பேன், அந்த ஒரு ஸ்டார் எங்க போச்சுன்னும் சொல்றேன்.

டர்பன்ல நம்ம ஆளுங்க நிறைய இருக்கிற எங்க சாட்ஸ்வொர்த் பக்கம் பெரியவங்க எல்லாம் முடியைப் பாத்துதான் வெட்டுவாங்க. மொட்டுல வெள்ளை வெள்ளையா நீட்டிக்கிட்டு இருக்குமே அந்த முடி, அது பழுப்பாகி சுருண்டா ரெடின்னு கணக்கு. எங்க மாமா இன்னும் அப்படித்தான் சொல்றாரு, அது முழுசா தப்பும் இல்ல, முடி பாதிக்கு மேல வெள்ளையா இருந்தா கிட்டயே போகாதேன்னு சொல்ற அளவுக்கு அதை நம்பலாம். ஆனா நம்ம ஊர் மழையிலயும் காத்துலயும் முடி சீக்கிரமே கருகிடும், மகரந்தம் பட்டாலும் பழுப்பாகும், கைபட்டு நசுங்கினாலும் அதே கதைதான், இன்னொரு பக்கம் சில செடி கடைசி வரைக்கும் புது வெள்ளை முடி விட்டுக்கிட்டே இருக்கும். விதை பாக்கெட்ல போட்டிருக்கிற 8 வாரம் 9 வாரம் கணக்கையும் அப்படியே நம்பாதீங்க, அது பெரும்பாலும் வீட்டுக்குள்ள வளக்குறவங்க பூக்க வைக்கிறதுக்காக 12 மணி நேரம் லைட்டு 12 மணி நேரம் இருட்டுன்னு மாத்தின நாள்ல இருந்து எண்றது, வெயில்ல வளர்ற செடிக்கு அப்படி ஒரு நாள் கெடையாது. இன்டர்நெட்ல அக்டோபர்ல அறுவடைன்னு போட்டிருக்கிறதும் வடக்கு நாடுகளுக்கு, நமக்கு அது மார்ச் ஏப்ரல்.

சரியான பதில் இருக்கிறது ட்ரைகோம்ல. மொட்டு மேல பனி படிஞ்ச மாதிரி மின்னுதே, அது ஒவ்வொண்ணும் ஒரு குட்டிக் காம்பும் அது மேல ஒரு உருண்டைத் தலையும், போதை குடுக்கிற டிஹெச்சி சேர்றது அந்தத் தலையிலதான். தலையோட அளவு சுமார் ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு, வெறுங்கண்ணுக்கு பளபளப்பு தெரியுமே தவிர நிறம் தெரியாது. நகைக்கடைக்காரங்க வச்சிருக்கிற 10எக்ஸ் லென்ஸ் பத்தாது, 30எக்ஸ்ல ஓரளவுக்கு தெரியும், இந்த 60எக்ஸ்ல ஒவ்வொரு தலையும் தனித்தனியா நிக்குது. கண்ணாடி மாதிரி தெளிவா இருந்தா இன்னும் பிஞ்சு. பால் கலந்த மாதிரி மங்கிடுச்சுன்னா டிஹெச்சி உச்சத்துல இருக்கு. தேன் கலருக்குப் போக ஆரம்பிச்சா டிஹெச்சி உடைஞ்சு போதை கம்மியான சிபிஎன்ங்கிற பொருளா மாறிக்கிட்டு இருக்கு. எனக்குப் புடிச்சது முக்காவாசிக்கு மேல பால் கலர், அங்கங்க ஒண்ணு ரெண்டு தேன் கலர், தெளிவா எதுவுமே இருக்கக் கூடாது.

எங்க பாக்குறோம்ங்கிறதும் முக்கியம், மொட்டுல இருந்து நீட்டிக்கிட்டு இருக்கிற சின்ன இலைல பாத்தா அது முன்னாடியே தேன் கலராகி ஏமாத்திடும், முடி எதுல இருந்து முளைக்குதோ அந்தக் குமிழைத்தான் பாக்கணும். மேல் மொட்டு முதல்ல பழுக்கும், கீழ இருக்கிறது லேட்டு, அதனால ரெண்டு எடத்துலயும் பாத்துட்டு மேல வெட்டிட்டு கீழ விட்டு வைக்கலாம்.

இப்ப குறை. இதுல வர்ற எல்இடி வெளிச்சம் நீலம் கலந்த வெள்ளை, தலைமேல பட்டுத் தெறிச்சு பால் கலர் கூட தெளிவா இருக்கிற மாதிரி காட்டுது. நான் லைட்டை அணைச்சுட்டு பகல் வெளிச்சத்துல, நேர் வெயில் படாத எடத்துலதான் பாக்குறேன், அப்ப கலர் நிஜமா தெரியுது. செடியில வச்சே பாக்கணும்னா கை லேசா ஆடினாலும் படம் ஓடிடும், சாம்பிளை இடது பக்கம் நகர்த்தினா படம் வலது பக்கம் போகும், பழகுற வரைக்கும் எரிச்சல்தான். குமிழை மட்டும் கத்தரிச்சு கறுப்புத் துணி மேல வச்சுப் பாருங்க, பாதிப் பிரச்சனை தீந்துடும். நோட்டு செக் பண்ண ஒரு ஊதா லைட்டும் இருக்கு, இந்த வேலைக்கு அது எதுக்கும் ஆகாது.

இந்த விஷயத்தை இவ்ளோ வெளிப்படையா எழுத முடியுறதே எனக்குப் பெருசா படுது. 1860ல மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோ கப்பல்ல நம்ம ஆளுங்க ஒப்பந்தக் கூலிகளா இங்க வந்து இறங்கினாங்க, பத்தே வருஷத்துல 1870ல நேட்டால் (டர்பன் இருந்த பிரிட்டிஷ் காலனி) சட்டம் கூலிகள் கஞ்சா புகைக்கவோ வச்சிருக்கவோ கூடாதுன்னு தடை போட்டுச்சு. அதுக்கப்புறம் யார் தோட்டத்துல நின்னு ரெண்டு செடியை ஒப்பிட்டுப் பாத்து பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுத்திருக்க முடியும்? 2018 செப்டம்பர் 18ல தென்னாப்பிரிக்காவோட கான்ஸ்டிடியூஷனல் கோர்ட் (அரசியல் சட்ட நீதிமன்றம்) தீர்ப்பு வந்த பிறகுதான் பெரியவங்க தன் சொந்த உபயோகத்துக்கு தனிப்பட்ட எடத்துல வளக்குறது குத்தம் இல்லன்னு ஆச்சு. விக்கிறது இன்னமும் குத்தம்தான், அதுல விளையாடாதீங்க, பிள்ளைங்க கைக்கு எட்டுற எடத்துலயும் வைக்காதீங்க.

கடற்கரை பக்கம் இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், இங்க ஈரக்காத்துல கெட்டியான மொட்டுக்குள்ள சாம்பல் பூஞ்சை சீக்கிரம் புடிச்சுக்கும். மொட்டு நடுவுல ஒரு இலை மட்டும் திடீர்னு வாடி, இழுத்தா கையோட வந்துச்சுன்னா உள்ள அழுகல் ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். அப்ப தேன் கலர் வரட்டும்னு காத்திருக்காதீங்க, அந்த மொட்டைத் தள்ளி வெட்டித் தூக்கி எறிஞ்சுட்டு மத்ததை அன்னைக்கே அறுத்துடுங்க. மூணு நாள் மழைன்னு ஃபோர்காஸ்ட் வந்தாலும், பால் கலர் பாதியத் தாண்டியிருந்தா நான் வெட்டிடுவேன்.

போன்ல மாட்டுற கிளிப் மாடலும் அதே கடையில இருந்துச்சு, போட்டோ எடுத்துப் பெருசாக்கிப் பாக்கலாம்ங்கிறது நல்ல வசதி, கண்ணு மங்கின பெரியவங்க வீட்ல இருந்தா அதையே வாங்குங்க. எதை வாங்கினாலும் பட்டன் பேட்டரி இன்னொரு செட் சேத்து வாங்கிக்கோங்க, பழசை குழந்தைங்க வாயில போட்டுடாம பத்திரமா வைங்க.