மூன்று கிலோ நாய்க்கு எது ஏற்ற உணவு: பச்சை இறைச்சியா, வீட்டுச் சமையலா, பாக்கெட் தீனியா?

கருத்தடை செய்யப்பட்ட, மூன்று கிலோ எடையுள்ள, வளர்ந்த நாய் ஒன்றுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 250 கலோரி போதும். மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) காலையில் நாம் சாப்பிடும் ஒரு ரொட்டி சானாயில் (பரோட்டா வகை) அதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கிறது. மேசைக்கு அடியில் நின்று கெஞ்சும் நாய்க்குப் பிய்த்துப் போடும் கால் ரொட்டி, அதன் அன்றைய உணவில் கால் பங்குக்கும் மேல். மலேசியாவின் பினாங்கில், அடுக்குமாடி வீடுகளில் நம்மவர்கள் வளர்க்கும் பொமரேனியன், ஷிட்சு, சிவாவா போன்ற நாய்களின் உணவை ஒப்பிடும்போது, இந்தக் கணக்கிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. இருபத்தைந்து கிலோ நாயின் தட்டில் பத்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. மூன்று கிலோ நாயின் தட்டில் அதே பத்து கிராம், மாதக் கடைசியில் எடை பார்க்கும்போது தெரிந்துவிடும்.

பச்சை இறைச்சி முறையை 1990-களில் பரவலாக்கியவர் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட். இன்று பலர் பின்பற்றுவது 80 விழுக்காடு சதை, 10 விழுக்காடு எலும்பு, 10 விழுக்காடு ஈரல் முதலிய உள்ளுறுப்புகள் என்ற கணக்கு. இம்முறையில் வளர்ப்பவர்கள் சொல்லும் நன்மைகளில் உண்மை உண்டு. மலம் குறைவாகவும் இறுக்கமாகவும் இருக்கும்; தட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாயும் ஆவலோடு உண்ணும்; எலும்பைக் கடிப்பதால் பல்லில் படியும் காறையும் ஓரளவு குறையும், ஆனால் அதே எலும்பால் பல் உடைந்த நாய்களும் உண்டு. ஓநாயின் வழிவந்தது என்பதால் நாய்க்குப் பச்சை இறைச்சியே இயல்பானது என்ற வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணுப் படிகள் ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு அதிகம் என்பதைச் சுவீடன் ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். மனிதரோடு வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நாயின் உடல் சோற்றுக்கும் பழகிவிட்டது.

பச்சை இறைச்சியில் என்னைத் தயங்க வைப்பவை கிருமிகளே. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை நடத்திய சோதனையில், நாய் பூனைகளுக்கென விற்கப்பட்ட பச்சை இறைச்சித் தீனி மாதிரிகள் 196-இல் 15-இல் சால்மொனெல்லாவும் 32-இல் லிஸ்டீரியாவும் இருந்தன. அவை பொட்டலமிடப்பட்டு உறைநிலையில் விற்கப்படும் வகையைச் சேர்ந்தவை. நாமோ ஜெலுத்தோங் சந்தையிலோ ஆயர் ஈத்தாம் சந்தையிலோ காலையில் வெட்டிய கோழியை வாங்கி, மோட்டார் சைக்கிளின் கொக்கியில் மாட்டி, முப்பது பாகை வெயிலில் இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கி வீடு வந்து சேர்கிறோம். நமக்கு அது குழம்பில் கொதித்துவிடுவதால் கவலை இல்லை. பச்சையாகப் போட்டால் பெருகிய கிருமி அத்தனையும் தட்டுக்குப் போகும். உறைபெட்டியில் வைத்தாலும் சால்மொனெல்லா சாவதில்லை, பெருகாமல் காத்திருக்கும். நாய் அதை நோயின்றித் தாங்கிக்கொண்டாலும், மலத்தின் வழியாகவும் எச்சிலின் வழியாகவும் வீட்டில் பரப்பக்கூடும். சிறிய நாய் தூங்குவது நம் மெத்தையில், நக்குவது பேரப்பிள்ளையின் முகத்தை. ஆகவே கைக்குழந்தை, கர்ப்பிணி, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், வயது முதிர்ந்தவர் ஆகியோரில் ஒருவர் இருந்தாலும் அந்த வீட்டில் இம்முறை வேண்டாம் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

சிறிய நாய்களுக்கென்றே குறிப்பிட வேண்டிய இன்னொன்று கோழிக்கழுத்து. அளவில் சிறியது, மலிவானது என்பதால் குட்டி நாய்களுக்குப் பலரும் அதையே கொடுக்கிறார்கள். மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, பச்சைக் கோழி உண்பதற்கும், பின்னங்காலில் தொடங்கி மேலேறும் ஒருவகை நரம்புவாதத்துக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டது. கோழியிறைச்சியில் பரவலாக உள்ள கேம்பிலோபேக்டர் கிருமியே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று அவர்கள் கருதினார்கள். பெரும்பாலான நாய்கள் மெல்லத் தேறிவிடும், சிலவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். மூச்சுத் தசைகள் செயலிழந்து இறப்பவையும் உண்டு. அதற்காகக் கழுத்தை வேகவைத்துப் போட்டுவிடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. வெந்த எலும்பு கூராகச் சிதறிக் குடலைக் கிழிக்கும்.

இனி வீட்டுச் சமையல். என் மனம் சாய்வதும் நான் தவறு செய்ததும் இதில்தான். எங்கள் மணி நான்கு மாதக் குட்டியாக வந்தபோது, சுத்தமான உணவு கொடுக்கிறோம் என்ற நிறைவோடு, தோல் நீக்கிய கோழி நெஞ்சுச்சதை, சோறு, பூசணி மூன்றையும் மட்டும் வேகவைத்து மூன்று மாதம் கொடுத்தேன். ஒரு நாள் அவன் சோபாவில் ஏறப் போய், முன்னங்காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டான். கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே படத்தை விளக்கொளியில் பிடித்துக் காட்டினார். வெள்ளையாகத் தனித்துத் தெரிய வேண்டிய எலும்புகள், சுற்றியிருந்த சதையின் நிழலோடு கலந்து மங்கிக் கிடந்தன. சதையில் பாஸ்பரஸ், கால்சியத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல். உணவில் வராத கால்சியத்தை உடல் தன் எலும்பிலிருந்தே உருவி எடுத்துக்கொள்ளும். நாய் உணவில் கால்சியமும் பாஸ்பரஸும் சரிசமமாகவோ, கால்சியம் அதிகபட்சம் இரண்டு மடங்காகவோ இருக்க வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தேன். மணி தேறிவிட்டான், அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

இது என் ஒருத்தியின் அறியாமை மட்டும் அன்று. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நாய்களுக்கான வீட்டுச் சமையல் குறிப்புகள் 200-ஐ எடுத்துக் கணக்கிட்டபோது, 95 விழுக்காட்டில் குறைந்தது ஒரு இன்றியமையாத சத்தாவது பற்றாக்குறையாக இருந்தது. அவற்றில் கால்நடை மருத்துவர்கள் எழுதிய குறிப்புகளும் அடங்கும்.

வளர்ந்துவிட்ட மணிக்கு இப்போது ஒரு நாள் பங்கு இதுதான்: எலும்பும் தோலும் நீக்கிய கோழித் தொடைச்சதை வெந்த நிலையில் 75 கிராம், சோறு 55 கிராம், பூசணி 25 கிராம், எண்ணெய் ஒரு தேக்கரண்டி. உப்பு, மசாலா எதுவும் இல்லை. ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ இரண்டு கிராம் கால்சியம் இருக்கிறது. அவனுக்குத் தேவை நாளொன்றுக்குச் சுமார் 0.3 கிராம். ஆகவே கொதிநீரில் போட்டெடுத்து, உலர்த்தி, மாவாக அரைத்த ஒரே ஓடு ஆறு நாளைக்கு வருகிறது. ஆனால் ஓடு தருவது கால்சியம் மட்டுமே. துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ ஆகியவற்றுக்கு, நாய்களின் வீட்டுச் சமையலுக்கென்றே தயாரிக்கப்பட்ட சத்துமாவை மருத்துவர் சொன்ன அளவில் சேர்க்கிறேன். இந்தக் கணக்கு மணிக்கு உரியது. வளரும் குட்டிக்கு இது பொருந்தாது.

வீட்டுச் சமையல் என்றால் நமக்குச் சமைத்ததில் மிச்சம் என்று பொருள் கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் குழம்பிலும் சாம்பாரிலும் வெங்காயமும் பூண்டும் இல்லாத நாள் அரிது. அவை நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் அந்த நச்சு போவதில்லை. கிலோவுக்கு 15 கிராம் வெங்காயமே கேடு விளைவிக்கலாம் என்னும்போது, மூன்று கிலோ நாய்க்கு 45 கிராம், அதாவது ஒரு சிறிய பம்பாய் வெங்காயம் போதும். பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கும். தேங்காய்ப்பால் சேர்ந்த கறி, கணைய அழற்சிக்கு ஆளாகும் இன நாய்களுக்கு ஒரு வேளைக்கே ஆபத்தாகலாம்.

பாக்கெட் தீனியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். முழுமையான, சமச்சீரான உணவு என்று உறையில் அறிவித்திருக்கும் தீனியில், நான் தவறவிட்ட கால்சியமும் துத்தநாகமும் கணக்கிட்டுச் சேர்க்கப்பட்டிருக்கும். வேலைக்கு ஓடும் குடும்பத்துக்கு இது பெரிய நிம்மதி. குறை, ஈரம்தான். உலர் தீனியில் நீர் பத்து விழுக்காடு அளவே. ஷிட்சு, யார்க்ஷயர் டெரியர் போன்ற சிறுநீர்க்கல் வரும் இனங்களுக்கு, தண்ணீர் கலந்த உணவே நல்லது. நம் ஊரின் புழுக்கத்தில் அதன் கொழுப்பும் விரைவில் காறிவிடும். மூன்று கிலோ நாய் ஒரு நாளைக்குத் தின்பது எழுபது கிராமுக்குள். விலை மலிவென்று வாங்கிய பத்து கிலோ மூட்டை தீர ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகும்; இரண்டு கிலோ பை ஒரே மாதத்தில் முடிந்துவிடும். தானியம் நீக்கிய தீனியே உயர்ந்தது என்று நம்பி வாங்குபவர்கள், அத்தகைய சில உணவுகளுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று 2018-இல் அமெரிக்காவில் விசாரணை தொடங்கியதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

தராசு வைத்து அளக்கவும், சத்துமாவை ஒரு நாளும் தவறவிடாமல் சேர்க்கவும் பொறுமை உள்ள வீட்டில், வளர்ந்த சிறிய நாய்க்கு வீட்டுச் சமையலையே முதலில் வைப்பேன். அந்தப் பொறுமை இல்லாத வீட்டுக்கும், ஒரு வயதாகாத குட்டிக்கும் நல்ல பாக்கெட் தீனி, அதன் மேல் வெந்த கோழியோ பூசணியோ ஒரு கரண்டி. அந்தக் கரண்டி, மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பச்சை இறைச்சியை நம் தட்பவெப்பத்தில், நம் சிறிய வீடுகளில், நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

புரட்டாசி மாதம் எங்கள் வீட்டுக்குள் கோழி வருவதில்லை. நாயையும் நம்மோடு சேர்த்துப் பருப்புச் சோற்றுக்கு மாற்றுவது நியாயமாகாது என்பதால், அந்த மாதம் முழுவதும் மணிக்குப் பாக்கெட் தீனியை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுக்கிறோம். திடீரென்று மாற்றினால் வயிறு போகும் என்பதால், ஆவணி கடைசிப் பத்து நாளில் பழைய உணவில் நாளுக்கு ஒரு பங்கு குறைத்து, தீனியில் ஒரு பங்கு கூட்டிக்கொண்டே வருவேன்.