லண்டனில் ஃபிளாட் வாங்கப் போகிறவர்களுக்கு: 6,417 பவுண்டு கட்டிவிட்டு எழுதுகிறேன்

போன வியாழக்கிழமை மதியம், வேலை செய்யும் இடத்துக் கேன்டீனில் சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, போனிலேயே 6,417 பவுண்டு அனுப்பினேன். அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

முகம் தெரியாத எவனோ லிங்க் அனுப்பி ஏமாற்றிய கதை இல்லை இது. நான் ‘சொந்தமாக’ வாங்கிய வீட்டுக்கு, லெட்டர்ஹெட்டில் கடிதம் போட்டு, ரசீதும் கொடுத்து வாங்கிக்கொண்ட பணம். எங்கள் கட்டடத்தை நிர்வகிக்கும் அந்தக் கம்பெனியின் பெயரைப் போடவில்லை. அவர்களிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள். அந்த வக்கீல் ஃபீஸையும் சர்வீஸ் சார்ஜில், அதாவது கட்டடப் பராமரிப்புக்கு நாங்கள் கட்டும் பணத்தில், சேர்த்து என்னிடமே வாங்கலாம் என்று என் லீஸில், அதாவது வீட்டை நீண்ட காலக் குத்தகையாக வாங்கிய ஒப்பந்தத்தில், ஒரு வரி இருக்கிறது. அதனால் ‘மேனேஜிங் ஏஜென்ட்’ என்று மட்டும் சொல்கிறேன். வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டிய பத்து விஷயங்களைக் கடைசியில் தருகிறேன், அதுவரை பொறுமையாகப் படியுங்கள்.

2019. கிழக்கு லண்டனில் புதுக் கட்டடம், 62 வீடு, கீழே ஒரு சூப்பர் மார்க்கெட், ஒரு ஜிம். நாலாவது மாடியில் இரண்டு பெட்ரூம். பால்கனியில் நின்றால் ரயில் போவது தெரியும். என் மனைவிக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. கடன் ஏற்பாடு செய்து தந்த புரோக்கர் நம்ம ஊர்க்காரர், கோயில் அன்னதான வரிசையில் பழக்கமானவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

பாளையங்கோட்டையில் இருந்து அப்பா போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “யு.டி.எஸ். எவ்வளவுப்பா?” மின்வாரியத்தில் ரிட்டயர் ஆன மனுஷன். தெருவில் யார் பத்திரம் பதியப் போனாலும் முதலில் அவரிடம் காட்டிவிட்டுத்தான் போவார்கள். நிலத்தில் நமக்கு எத்தனை சதுர அடி பங்கு என்று தெரியாமல் அவர் ஒரு ஃபிளாட்டையும் மதிக்க மாட்டார். அண்ணாவிடம் கேட்டேன். சிரித்தார்.

“இங்க அதெல்லாம் கிடையாது தம்பி. 125 வருஷ லீஸ். நீங்க, நான், உங்க பேரன் எல்லாரும் போன அப்புறம்தானே அது முடியும்?”

“அப்போ இந்த சர்வீஸ் சார்ஜ் 1,860 பவுண்டு, அது என்னண்ணா?”

“நம்ம ஊரு மெயின்டனன்ஸ் மாதிரிதான் தம்பி. நான் பார்த்துக்கறேன், நீங்க கையெழுத்தைப் போடுங்க.”

நான் விழுந்த இடம் இதுதான். ‘நம்ம ஊரு மெயின்டனன்ஸ் மாதிரி.’ பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன், அவருக்கும் அவ்வளவுதான் தெரிந்திருக்கும். ஆனால் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் கேள்வி கேட்பதை நிறுத்தினேன். வக்கீலும் விற்பனை அலுவலகம் கைகாட்டிய ஆள்தான். அவரை வைத்தால் 500 பவுண்டு தள்ளுபடி என்றார்கள். அவர் அனுப்பிய அறிக்கையை ரயிலில் நின்றுகொண்டே தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.

சென்னையில் அசோசியேஷன் என்றால் என்ன? செயலாளர் 3பி வீட்டுக்காரர். கணக்கு சரியில்லை என்றால் மாடிப்படியில் மறித்துக் கேட்கலாம், அடுத்த கூட்டத்தில் மாற்றிவிடலாம். இங்கே அப்படி இல்லை. நிலமும் கட்டடமும் ஃப்ரீஹோல்டர் என்கிற ஒருவருக்குச் சொந்தம். கட்டியவர் விற்றுவிட்டுப் போனதும் இன்னொரு கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. ஏஜென்டை வைப்பது அவர்கள், எந்த வேலையை யாரிடம் என்ன விலைக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது ஏஜென்ட், மொத்தச் செலவையும் கொடுப்பது நாங்கள் 62 வீடு. அவர்கள் கையில் இருந்து ஒரு பென்னி போகாது. இது போதாதென்று வருடம் 350 பவுண்டு கிரவுண்ட் ரென்ட். எதற்கு என்று கேட்டால் எதற்கும் இல்லை, தரைக்கு. 2022 ஜூன் 30 முதல் போடும் புது லீஸ்களில் பொதுவாக இதை வாங்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. என் லீஸ் 2019, எனவே எனக்கு உண்டு. ஸ்காட்லாந்தில் ஃபிளாட் வாங்கினால் இந்தத் தொல்லையே கிடையாது. கிளாஸ்கோவில் இருக்கும் நண்பனிடம் கிரவுண்ட் ரென்ட் என்றால் என்ன என்று விளக்குவதற்கே எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.

1,860 ஆக இருந்த சர்வீஸ் சார்ஜ் இந்த வருடம் 5,240 ஆகி நிற்கிறது. கொஞ்சம் ஏறியதற்குக் காரணம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2017 ஜூனில் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் இறந்த பிறகு மாடிக் கட்டடங்களுக்கு இன்சூரன்ஸ் எகிறியது, தீ பாதுகாப்பு வேலைகளும் கூடின. உயிர் விஷயம், அதற்குக் கொடுக்க யாரும் முணுமுணுக்கவில்லை. ஆனால் அந்த இன்சூரன்ஸை எடுத்துக் கொடுப்பதற்கு ஏஜென்டுக்கும் ஃப்ரீஹோல்டருக்கும் கமிஷன் போகும், அந்தக் கமிஷனும் எங்கள் பிரீமியத்துக்குள்தான் இருக்கும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, 6,417க்கு வருகிறேன். மார்ச்சில் ஒரு கடிதம் வந்தது. போன வருடக் கணக்கில் துண்டு விழுந்ததற்கு என் பங்கு 2,290. மொட்டை மாடி ஒழுகலைச் சரிசெய்ததில் என் பங்கு 3,480. கட்டடம் கட்டி முடித்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது, பத்து வருட வாரன்டி இருக்கிறதே, அதில் ஏன் கேட்கவில்லை என்று மெயில் போட்டேன். ‘உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டோம்’ என்று ஒரு டிக்கெட் நம்பர் வந்தது. பத்து நாள் கழித்துக் கேட்டால், அந்த டிக்கெட்டை முடித்தாகிவிட்டது, புதிதாகப் போடுங்கள் என்றார்கள். போட்டேன். எங்கள் கட்டடத்துக்கான மேலாளர் வேலையை விட்டுப் போய்விட்டார், புது ஆள் உங்களைக் கூப்பிடுவார் என்றார்கள். இரண்டு வருடத்தில் நாலாவது ஆள். கூப்பிடவில்லை. நானே கூப்பிட்டால் நாற்பது நிமிடம் பியானோ சத்தம், அப்புறம் தானாகத் துண்டித்துக்கொள்ளும். ஒரு பெண் மட்டும் எடுத்தார், பாவம், “எனக்கு உங்கள் கணக்குத் திரையில் தொகை மட்டும்தான் தெரிகிறது சார்” என்றார். எல்லோருக்கும் தொகை மட்டும்தான் தெரிகிறது.

பில்களைப் பார்க்க வேண்டும் என்று எழுதினேன். 1985ஆம் ஆண்டு லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டத்தின் 22ஆம் பிரிவு அந்த உரிமையைக் கொடுக்கிறது, கணக்குச் சுருக்கம் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும். வாருங்கள் என்றார்கள், எங்கே? அவர்களுடைய தலைமை அலுவலகத்துக்கு, ரயிலில் இரண்டரை மணி நேரம். ஒரு நாள் லீவு போட்டுப் போனேன். ஜன்னல் இல்லாத அறை, ஒரு பெட்டி ஃபைல், ஒரு தண்ணீர் பாட்டில். லாபியில் இரண்டு பல்பு மாற்ற எலக்ட்ரீஷியன் இரண்டு தடவை தனித்தனியாக வந்து 214 பவுண்டு. தோட்டப் பராமரிப்பு 3,900 பவுண்டு. அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கள் கட்டடத்தில் தோட்டமே கிடையாது. வாசலில் சிமெண்ட் தொட்டி இரண்டு இருக்கிறது. அதில் காய்ந்துபோன லாவண்டர் குச்சிகளுக்கு நடுவே ஜிம்முக்கு வருகிறவர்கள் சிகரெட்டை நசுக்கிவிட்டுப் போவார்கள். 3,900 பவுண்டுக்கு அந்தக் குச்சிகளாவது உயிரோடு இருந்திருக்கலாம்.

லண்டன் திரும்பியதும் இதையெல்லாம் படத்தோடு எழுதி அனுப்பினேன். பதில் வந்தது, ஆனால் மேலாளரிடம் இருந்து இல்லை, வசூல் பிரிவில் இருந்து. தாமதத்துக்கும் கடிதச் செலவுக்கும் சேர்த்து 647 பவுண்டு கூட்டி, மொத்தம் 6,417. பதினான்கு நாளில் கட்டாவிட்டால் கடன் கொடுத்த வங்கிக்கு எழுதுவோம், லீஸையே பறிக்கும் நடவடிக்கை எடுக்கலாம் என்று தடித்த எழுத்தில். 350 பவுண்டுக்கு மேல் பாக்கி இருந்தாலே அந்த அதிகாரத்தை எடுக்க முடியும் என்று தேடிப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. மூன்று லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கிய வீடு, 350 பவுண்டுக்கு. மனைவி, “கட்டித் தொலைங்க, தூக்கம் போகுது” என்றாள். பாளையங்கோட்டை வீட்டு மொட்டை மாடி ஒழுகுகிறது என்று ஓடு பதிக்க எடுத்து வைத்திருந்த பணம் அது. அந்த மாடி ஒழுகட்டும் என்று இந்த மாடிக்குக் கொடுத்தேன்.

சனிக்கிழமை ஐந்தாவது மாடியில் இருக்கும் ரிட்டயர்ட் நர்ஸ் அம்மா டீக்குக் கூப்பிட்டார், வெள்ளைக்காரர், தனியாக இருக்கிறார். மேஜை மேல் மூன்று கனத்த ஃபைல். அவர் சொன்னதைக் கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. சர்வீஸ் சார்ஜ் தகராறில் தீர்ப்பாயமோ நீதிமன்றமோ ‘இந்தத் தொகை சரி’ என்று சொல்லும் வரை, அல்லது நாமே ஒப்புக்கொள்ளும் வரை, லீஸைப் பறிக்கும் நடவடிக்கையில் இறங்கவே முடியாதாம். அப்புறம் அதே 1985 சட்டத்தின் 20ஆம் பிரிவு. ஒரு வீட்டுக்கு 250 பவுண்டுக்கு மேல் வரும் பெரிய வேலை என்றால் முன்கூட்டியே ஒவ்வொருவருக்கும் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, கருத்து சொல்ல 30 நாள் விட்டு, மதிப்பீடுகளைக் காட்டி, மறுபடி 30 நாள் விட வேண்டும். செய்யாவிட்டால் 250க்கு மேல் வாங்க முடியாது, தீர்ப்பாயம் விலக்கு கொடுத்தால் ஒழிய. எனக்கு ஒரு நோட்டீஸும் வரவில்லை. ஏஜென்டைக் கேட்டால் லாபியில் ஒட்டினோம் என்றார்கள், அடுத்த மெயிலில் அது அவசர வேலை என்றார்கள். விலக்கு உத்தரவின் நகலைக் கேட்டேன். டிக்கெட் நம்பர் வந்திருக்கிறது.

அண்ணாவுக்குப் போன் போட்டேன். “நான் கடன்தானே தம்பி வாங்கிக் கொடுத்தேன், லீஸெல்லாம் வக்கீல் வேலை” என்றார். வக்கீல் அலுவலகத்தைக் கேட்டால், 2019 அறிக்கையில் எழுதியிருக்கிறோமே, பாருங்கள் என்றார்கள். பார்த்தேன். எழுதித்தான் இருக்கிறது, ‘சர்வீஸ் சார்ஜ் மாறக்கூடியது’ என்று. மாறக்கூடியதாம்!

இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 50 லட்சம் வீடுகள் லீஸ்ஹோல்ட் என்கிற இந்த லீஸ் முறையில் இருக்கின்றன. 2017இல் மூன்று பெண்கள் தொடங்கிய நேஷனல் லீஸ்ஹோல்ட் கேம்பெய்ன் போன்ற குழுக்கள் கத்திக் கத்தித்தான் 2024 மே மாதம் ஒரு சீர்திருத்தச் சட்டம் வந்தது. அதிலும் முக்கியமான பல பிரிவுகளுக்கு நடைமுறை விதிகள் வர வேண்டும் என்று இழுக்கிறார்கள். வந்ததில் எங்களுக்கு உதவியது ஒன்று. வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் சேர்ந்தால் நிர்வாகத்தை ஃப்ரீஹோல்டரிடம் இருந்து எடுத்துக்கொள்ளும் உரிமை 2002இலேயே இருந்தது. ஆனால் கடை மாதிரி இடங்கள் 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கிடையாது என்பார்கள். சூப்பர் மார்க்கெட்டும் ஜிம்மும் இருப்பதால் எங்களை ஒதுக்கியிருந்தார்கள். 2025 மார்ச்சில் அதை 50 சதவீதம் ஆக்கிவிட்டார்கள். நர்ஸ் அம்மா இப்போது கதவு கதவாகத் தட்டுகிறார். நானும் கூடப் போகிறேன்.

பத்து விஷயம் சொல்கிறேன் என்றேன். மணி ஒன்றரை, காலையில் ஷிஃப்ட் இருக்கிறது, மூளை வேலை செய்யவில்லை. தோன்றுவதைச் சொல்கிறேன். விற்கிறவர்கள் காட்டும் வக்கீலை வைக்காதீர்கள். இந்த வருட சர்வீஸ் சார்ஜை மட்டும் பார்க்காமல் கடைசி மூன்று வருடக் கணக்கையும், பெரிய வேலைக்கான சேமிப்பு நிதியில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் கேளுங்கள். மிரட்டல் கடிதம் வந்த அன்றே பயந்து கட்டாதீர்கள், என்னைப் போல. கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ‘ஆட்சேபத்தோடு கட்டுகிறேன்’ என்று எழுதிக் கட்டுங்கள், கட்டியதாலேயே ஒப்புக்கொண்டதாக ஆகாது, பிறகும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். போகும்போது அவர்கள் வக்கீல் செலவை நம் தலையில் போடக் கூடாது என்று அதே 1985 சட்டத்தின் 20சி பிரிவில் சேர்த்தே கேளுங்கள். லீஸ்ஹோல்ட் ஆலோசனைச் சேவை அரசு பணத்தில் நடக்கிறது, இலவசம், அவர்களிடம் முதலில் பேசுங்கள். நம்ம ஊர்க்காரர் என்பதற்காக யாரிடமும்... சரி, அதை விடுங்கள்.

6,417க்கான தீர்ப்பாய விண்ணப்பம் பாதி நிரப்பி மேஜையில் கிடக்கிறது. நிர்வாகத்தை எடுத்துக்கொள்ள 31 கையெழுத்து வேண்டும், 27 ஆகியிருக்கிறது. 44ஆம் வீட்டுக்காரர் ஹாங்காங்கில் இருக்கிறாராம், வாடகைக்கு இருக்கும் பையன் மெயில் ஐ.டி. தருகிறேன் என்றிருக்கிறான்.