தேயிலை மலையில் மெட்டல் டிடெக்டர்: மானத்தை வாங்கும் தவறுகளும் அவற்றின் காரணமும்

மலையகத்தில் மெட்டல் டிடெக்டர் வைத்திருப்பவரைத் தேடி ஆட்கள் வருவது பெரும்பாலும் மூன்று விஷயத்துக்குத்தான்: கொழுந்து எடுக்கும்போதோ கரட் பாத்தியில் களை பிடுங்கும்போதோ கழன்று விழுந்த மோதிரம், கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிக் குறைக்கும் வேலை) நடந்த மலையில் மறந்து வைத்த கத்தி, எந்தப் பக்கமாகப் போகிறது என்றே தெரியாமல் மண்ணுக்குள் மூடிப்போன பழைய இரும்புத் தண்ணீர்க் குழாய். கேரெட் ஏஸ் 250 போன்ற ஆரம்பநிலைக் கருவி இந்த மூன்றுக்கும் தாராளமாகப் போதும். நீண்ட காலப் பாவனைக்குப் பிறகும் இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் லயமே (தொழிலாளர் வரிசை வீடுகள்) திரண்டு வேடிக்கை பார்க்க, வியர்க்க விறுவிறுக்கத் தோண்டி, கடைசியில் துருப்பிடித்த டின்மீன் பேணியைத் தூக்கிக் காட்ட நேர்வதும் இந்த வேலையில் சகஜம். அப்போது கருவியைத் திட்டாத ஆளில்லை. உண்மையில் கருவி சொன்னது சரி. பிடித்திருந்தவரின் உடம்பிலோ காலடி மண்ணிலோ சத்தத்தை அவசரப்பட்டு நம்பியதிலோதான் பிழை இருக்கும்.

முதலில் கருவி. ஏஸ் 250 வேலை செய்வது 6.5 கிலோஹேர்ட்ஸ் அதிர்வெண்ணில். தரைக்கு மேலே வீசும் தட்டான கொயில் 6.5க்கு 9 அங்குல நீள்வட்டம். நான்கு ஏ.ஏ. பற்றரி. கொயிலைத் தண்ணீருக்குள் விடலாம். மேலே இருக்கும் பெட்டியை நனைய விடக்கூடாது. ஹட்டன், நோர்வூட் பக்கம் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. அதனால் பெட்டியை எப்போதும் ஒரு ஷொப்பிங் பேக்கால் மூடி, ரப்பர் பட்டி போட்டு வைப்பது நல்லது. ஹெட்போன் துளை வழியாகப் பனி ஈரம் இறங்குவதும் இதனால் குறையும்.

அதிகமாகச் சிரிப்பை வரவழைக்கும் தவறு விரலில் இருக்கிறது. குழியிலிருந்து மண்ணைக் கைப்பிடியாக அள்ளி, கொயிலுக்கு மேலே காட்டி, சத்தம் வந்தால் பொருள் கைக்குள் வந்துவிட்டது என்று அறிவது சரியான முறைதான். மண்ணைக் காட்டினால் “டிங்”. பாதி மண்ணைக் கொட்டிவிட்டுக் காட்டினாலும் “டிங்”. எல்லாவற்றையும் கொட்டி வெறுங்கையைக் காட்டினாலும் அதே “டிங்”. கையில் கிடக்கும் கல்யாண மோதிரம் பேசுகிறது என்பது அப்போதுதான் தெரியவரும். காப்பு, கைக்கடிகாரம், வெள்ளித் தாயத்து கோத்த அரைஞாண் எல்லாம் இதே வேலையைச் செய்யும். அரைஞாணை யாருமே நினைத்துப் பார்ப்பதில்லை. குழி மேல் குனியும்போது மட்டும் சத்தம் வந்து, நிமிர்ந்ததும் நின்றுவிட்டால் இடுப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தோட்டத்தில் போடும் சாதாரண ரப்பர் பூட்ஸ் பிரச்சினையில்லை. கட்டட வேலைக்குப் போடும் பாதுகாப்புச் சப்பாத்தின் மூக்கில் இரும்புத் தகடு இருக்கிறது. கொயிலை வலது காலருகே கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் அது கத்தும். மண்வெட்டியையும் அலவாங்கையும் குழியிலிருந்து குறைந்தது இரண்டு மீற்றர் தள்ளி வையுங்கள்.

ஆளிடம் ஒன்றும் இல்லையென்றால் கருவியின் கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். கொயிலைத் தண்டோடு பிணைக்கும் ஆணியும் சுரையும் பிளாஸ்டிக். அது கழன்று தொலைந்துபோனால், ஹாட்வெயாரில் அதே அளவில் இரும்பு ஆணி வாங்கிப் போடுகிறார்கள். பிறகு கருவி நாள் முழுக்கப் பிதற்றும், இல்லாவிட்டால் ஊமையாகும். பழுதுபார்க்கக் கொழும்புக்கு அனுப்பிவைத்த பிறகு ஆணியைக் கண்டுபிடிப்பதைவிட, பிளாஸ்டிக் ஆணி ஒரு சோடி மேலதிகமாக வாங்கி வைப்பது மலிவு. கொயிலுக்கு உறை போட்டிருந்தால் அதைக் கழற்றிக் கழுவுங்கள். உறைக்கும் கொயிலுக்கும் இடையில் நம் செம்மண் புகுந்து காய்ந்தால், அதிலுள்ள இரும்புச் சத்து கொயிலோடு ஒட்டிக்கொண்டே வந்து பொய்ச் சத்தம் போடும். தண்டில் வயரைத் தளர்வாகச் சுற்றினால், வயர் ஆடும்போதும் அதே கதைதான்.

இனி மண். மலையகத்துச் செம்மஞ்சள் மண்ணில் இரும்பு ஒட்சைட்டு நிறைய உண்டு. சில இடங்களில் காந்தத்தில் ஒட்டும் கரிய மணலும் கலந்திருக்கும். ஏஸ் 250இல் மண்ணுக்கேற்பச் சமப்படுத்தும் வசதியைத் தொழிற்சாலையிலேயே ஒரே அளவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கையால் மாற்ற முடியாது. எனவே உணர்திறனை உச்சத்தில் வைத்தால் ஆழமாகத் தேடலாம் என்று நினைப்பது இங்கே தலைகீழாக முடியும். மண்ணின் இரைச்சலில் மோதிரத்தின் சத்தம் அமுங்கிப்போகும். இரண்டு படி குறைத்து வைத்தால்தான் இன்னும் தெளிவாகக் கேட்கும். சந்தேகம் வந்தால் ஒரு சோதனை: வெறும் தரையில் கொயிலை ஒரு அடி உயரத்துக்கும் ஒரு அங்குலத்துக்கும் இடையில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். தரையை நெருங்கும்போதெல்லாம் சத்தம் வந்து, பக்கத்தில் நகர்த்தினாலும் அப்படியே வந்தால், அது மண்.

சரிவில் இன்னொரு சிக்கல். சமதரையில் பழகியவர்கள் மலையில் கொயிலை ஊஞ்சல்போல் வீசுகிறார்கள். மேட்டுப் பக்கம் தரையில் இடிக்கும். பள்ளப் பக்கம் ஒரு அடி அந்தரத்தில் நிற்கும். இடிக்கும் பக்கத்தில் பொய்ச் சத்தம், அந்தரத்தில் நிற்கும் பக்கத்தில் உண்மையான மோதிரம் தவறிப்போகும். சரிவின் சாய்வுக்கே கொயிலையும் சாய்த்து, கான் (வடிகால்) ஓடும் திசையிலேயே நடக்க வேண்டும். தேயிலை 4 அடிக்கு 2 அடி இடைவெளியில் நட்ட மலையில், செடிகள் கூடியடைந்த பிறகு பெரிய கொயில் உள்ளே போகாது. 4.5 அங்குலச் சிறு கொயில் இருந்தால் தூர்களுக்கிடையே நுழையும். அவசரமில்லாத தேடல் என்றால் கவ்வாத்து முடியும்வரை காத்திருப்பதே நல்லது. தரை வெளிச்சமாகத் தெரியும். மோதிரம் தொலைந்து ஒரு பெருமழை பெய்திருந்தால் மலையைத் தேட முன்னர் கானுக்குள் தேங்கிய வண்டலைத் தேடுங்கள். வேலி ஓரமாகவோ காட்டோரமாகவோ போகும்போது இரும்புச் சத்தம் கேட்டால் கையை விட வேண்டாம். பன்றிக்குக் கட்டிய சுருக்குக் கம்பியாக இருக்கலாம்.

சத்தத்தை நம்பி ஏமாறுவதில் பெரிய இரும்பு முதலிடம். ஏஸ் 250 சிறிய ஆணிக்குத் தாழ்ந்த சத்தமும், வெள்ளி, செம்பு போன்றவற்றுக்கு மணிச் சத்தமும் கொடுக்கும். ஆனால் உடைந்த மண்வெட்டித் தலை, லயத்துக் கூரைத் தகரம், பேணி மூடி போன்ற தட்டையான பெரிய இரும்பு, வெள்ளிபோலவே மணியடிக்கும். மணிச் சத்தம் கேட்டு நான்கு பேர் சேர்ந்து இரண்டு அடி தோண்டுவது இதனால்தான். தோண்டுவதற்கு முன் கொயிலை ஒரு அடிக்கு மேல் உயர்த்துங்கள். அப்போதும் சத்தம் உரக்க வந்தால் அது மோதிரமோ நாணயமோ அல்ல. பிறகு நின்ற இடத்திலிருந்து கால்வட்டம் சுற்றிப்போய், முன்பு வீசிய திசைக்குக் குறுக்காக வீசுங்கள். நல்ல பொருள் இரண்டு திசையிலும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி ஒலிக்கும். இரும்பு இடம் மாறும், இல்லாவிட்டால் சத்தம் உடையும்.

தோண்டத் தோண்ட மறைந்துபோகும் சத்தமும் உண்டு. பேய், தெய்வக் குற்றம் என்று சொல்லிக் கற்பூரம் கொளுத்துபவர்களும் இருக்கிறார்கள். காரணம் துரு. தேயிலை மண்ணின் அமிலத் தன்மை பி.எச். 4.5 முதல் 5.5 வரை இருக்கும். மழையும் சேர்ந்தால் ஆணி சீக்கிரம் கரைந்து, சுற்றியுள்ள மண்ணில் துரு பரவும். மண்ணைக் கலைத்தவுடன் அந்தத் துரு வட்டம் சிதறி, சத்தமும் போய்விடும். ஆனால் முடிவு கட்டுவதற்கு முன் தோண்டிய மண் குவியலையும் தேடுங்கள். பொருள் குவியலுக்குள் போயிருக்க, குழியை மட்டும் ஆழமாக்கிக்கொண்டு போவதுதான் அடிக்கடி நடப்பது. ஒரு பொலித்தீன் விரிப்பில் மண்ணைக் கொட்டினால் இந்தக் குழப்பமே இல்லை.

மோதிரம் தேடுபவருக்கு உண்மையான எதிரி பனடோல் அட்டை. மாத்திரை அட்டையின் தாள், பால்மா பக்கற்றின் உட்பூச்சு, சிகரட் பெட்டித் தாள் எல்லாம் திரையில் மெல்லிய தங்க மோதிரம் காட்டும் இடத்திலேயே காட்டும். இந்தக் குப்பைக்குச் சலித்து, நாணயம் போன்றவற்றை மட்டும் ஒலிக்கவிடும் நாணய மோடுக்கு மாற்றினால் குப்பையோடு மோதிரமும் அடங்கிவிடும். பிறகு மோதிரத்துக்கு மேலேயே கொயிலை வீசிவிட்டு “இங்கே இல்லை” என்று சத்தியம் செய்ய வேண்டிவரும். நகை மோடில் வைத்து, குப்பையையும் பொறுமையாகத் தோண்டுவதைத் தவிர வழியில்லை. வீட்டில் அதே மாதிரி இன்னொரு மோதிரம் இருந்தால் வாங்கி, தரையில் வைத்து, திரையில் எந்தக் கட்டம் ஒளிர்கிறது என்று பார்த்துக்கொண்டு தொடங்குங்கள். நம்மூர் 22 கரட் மோதிரம், கலப்புக் கூடிய வெளிநாட்டு மோதிரத்தைவிடச் சற்று மேலே காட்டும். அதனால் வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்லும் கட்டம் இங்கே அப்படியே பொருந்தாது. அறுந்து வாய் திறந்த மோதிரம் முழு மோதிரத்தைவிட மிகவும் பலவீனமாகவே ஒலிக்கும்.

கருவியைச் செய்துகாட்டும்போது மானம் போவதற்கு ஒரு சுலபமான வழி, ஐந்து ரூபா நாணயத்தைப் புதைப்பது. 2005 முதல் வந்தவை பூச்சுப் பூசிய எஃகு. 2017இன் புதிய வரிசை துருப்பிடிக்கா எஃகு. இரும்பை ஒதுக்கும் மோடில் இருந்தால், எல்லோர் முன்னிலையிலும் கருவி வாய் திறக்காது, இல்லாவிட்டால் ஒரு பக்கம் ஒலித்து மறுபக்கம் அடங்கும். பாட்டியின் சீட்டுப் பெட்டியில் 1963ஆம் ஆண்டின் செப்பு நிக்கல் ஒரு ரூபா இருந்தால் அதை வைத்துக் காட்டுங்கள். அதே ஆண்டின் ஒரு சதம், இரண்டு சதம் அலுமினியம்; அவற்றின் சத்தம் போத்தல் மூடியின் அலுமினியத்தோடு குழம்பும்.

குழாய் தேடும்போது சத்தம் ஒரு புள்ளியில் நிற்காமல் நீண்டுகொண்டே போகும். அதைப் பெரிய பெட்டியென்று நினைத்து நடுவில் தோண்டுகிறார்கள். ஓரிடத்தில் தோண்டாமல், சத்தம் வரும் இடமெல்லாம் குச்சி நட்டுக்கொண்டே போனால் குச்சிகள் நேரே பீலிக்கு (தண்ணீர் பிடிக்கும் இடம்) போய்ச் சேரும். பழைய தோட்டங்களில் கொழுந்து மூட்டையைக் கீழே இறக்கிய கம்பிகளும் இப்படித்தான் நீளமாக ஒலிக்கும்.

வீட்டுச் சுவரோரம் மட்டும் விளையாட்டு வேண்டாம். மின்மானிக்குக் கீழே வரும் அழகான மணிச் சத்தம் புவித்தொடுப்புச் செப்புக் கம்பி. அதில் மண்வெட்டி பட்டால் வீட்டின் பாதுகாப்பே போய்விடும். வீட்டின் ஈசானிய மூலையில் மணி கேட்டால், அத்திவாரம் போட்ட அன்று பூசை செய்து வைத்த பஞ்சலோகமும் காசும். வாசற்படிக்கு அடியில் என்றால் பூசாரி எழுதிப் புதைத்த செப்புத் தகடு. அதைத் தோண்டி எடுத்துவிட்டு “குப்பைத் தகரம்” என்று எறிந்தால் அந்த வீட்டு அம்மாவிடம் வாழ்நாளுக்கும் பேச்சு வாங்க நேரும். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு, அந்த இடங்களைச் சுண்ணாம்பால் வட்டமிடுங்கள்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, பழம்பொருள் தேடி உரிமம் இல்லாமல் தோண்டுவது குற்றம். சொந்தக் காணியென்றாலும் அதே சட்டம்தான். கோயில் நிலம், விகாரை, பழைய இடிபாடு, மயானம் எதற்கும் கருவியோடு போகவே கூடாது. தொலைந்த மோதிரத்தைத் தேடுவதென்றாலும் பகலில், தொலைத்தவரையும் கூட்டிக்கொண்டு, தோட்டத் துரைக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லிவிட்டே போங்கள். இரவில் டோர்ச் அடித்துக்கொண்டு கருவியோடு நிற்பவரைப் புதையல்காரர் என்றுதான் ஊர் நினைக்கும். தேடும்போது தற்செயலாகப் பழைய பொருள் அகப்பட்டால் தோண்டுவதை நிறுத்தி உடனே அறிவியுங்கள். வெடிக்காத தோட்டா என்றால் தொடாமல் பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

பழைய லயங்களின் பின்புறத்தில் வட்டமான தகரம் வந்தால் சோடா மூடியென்று வீசிவிடாதீர்கள். நம் முன்னோரை இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு அனுப்பியபோது, கழுத்தில் மாட்டிவிட்ட எண் பொறித்த தகர வில்லைகள் உண்டு. ஓரத்தில் துளையும் நடுவில் எண்ணும் தெரிந்தால் சுரண்டாமல், எண்ணெய் பூசாமல், காய்ந்த கடதாசியில் சுற்றி, கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் எழுதி வைத்து அறிவியுங்கள். மண்ணைத் தேய்த்துக் கழுவினால் மிச்சமிருக்கும் எண்ணும் போய்விடும்.

இந்தக் கருவி கைவிடும் இடம் சங்கிலியும் மூக்குத்தியும். மெல்லிய சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் கருவி தனித்தனியாகவே பார்க்கிறது. மூன்று பவுண் சங்கிலியாக இருந்தாலும் சத்தம் போடுவது கொக்கி மட்டும்தான். தாலியில் உருவம் கெட்டியாக இருந்தால் அது ஒலிக்கும், கொடி ஒலிக்காது. எனவே சங்கிலி தேடுபவர் மிக மெல்லிய, விட்டுவிட்டு வரும் சத்தத்தையும் விடக்கூடாது. மூக்குத்திக்கு 6.5 கிலோஹேர்ட்ஸ் கருவியை எடுப்பது வீண். மேல்மண்ணில் கிடந்தாலே சந்தேகம். விழுந்த இடம் ஓரளவு தெரிந்தால், ஒரு முழம் சதுரமாகக் கயிறு கட்டி, மேலாக ஒரு அங்குல மண்ணை மட்டும் சுரண்டி வாளியில் எடுத்து, பீலியடியில் மாச் சல்லடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவுங்கள். ஒரு சதுரம் முடிந்த பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும். கழுவிய மண்ணையும் வேறாகக் குவித்து வையுங்கள், கலந்துவிட்டால் திரும்பவும் முதலிலிருந்துதான்.