கே-ஒமேகா எஸ்எஸ்டி: பல வருடம் ஓட்டிப் பார்த்ததில்

ஓட்டங்களைக் கணினியில் கணக்கிடும் ஓப்பன்ஃபோம் மென்பொருளில் பிரிவு ஓட்டம் (சுவரை ஒட்டி ஓடுவது அதை விட்டு விலகிப் போவது) எது வந்தாலும் நான் முதலில் போடுவது மென்டர் 1994-ல் வெளியிட்ட கே-ஒமேகா எஸ்எஸ்டி என்ற கொந்தளிப்பு மாடல்தான். பழகிய வரைக்கும் சொல்கிறேன்: ஓட்டம் சுவரை விட்டு எங்கே பிரிகிறது என்பதற்கு இதை ஓரளவு நம்பலாம், திரும்ப எங்கே ஒட்டுகிறது என்பதற்கு நம்பவே கூடாது.

நாசாவின் ஹம்ப் கேஸை ஓட்டினால் இது பளிச்சென்று தெரியும். காற்றுச் சுரங்கத் தரையில் ஒரு மேடு, மாக் 0.1 (ஒலி வேகத்தில் பத்தில் ஒரு பங்கு), ரெனால்ட்ஸ் எண் (பாகுத்தன்மைக்கு எதிராக ஓட்டத்தின் வேகமும் அளவும் எவ்வளவு என்பது) 9,36,000. சோதனையில் மேட்டின் நீளத்தை 1 என்று வைத்தால், அதன் தொடக்கத்திலிருந்து 0.665-ல் பிரிந்து 1.1 வாக்கில் ஒட்டுகிறது. எஸ்எஸ்டி 0.65 பக்கம் பிரிக்கும், சரி, பரவாயில்லை. மறுஒட்டலோ 1.26 வரை இழுத்துக்கொண்டு போகும். மெஷ்ஷை, அதாவது கணக்குப் போடும் கட்ட வலையை, எவ்வளவு நெருக்கினாலும் அது மசியாது, ஏனென்றால் கோளாறு மெஷ்ஷில் இல்லை. பிரிந்த படலத்துக்குள் கொந்தளிப்பு வெட்டுத் தகைவை (கொந்தளிப்பால் ஓட்ட அடுக்குகள் ஒன்றையொன்று இழுக்கும் விசையை) மாடல் குறைத்துக் கணக்கிடுகிறது, கலப்பு போதாமல் குமிழி, அதாவது பிரிவுக்கும் மறுஒட்டலுக்கும் நடுவே சுழலும் பகுதி, நீண்டுவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், பிரிவைப் பிடிக்க உதவுவதே அந்த வெட்டுத் தகைவுக்கு மாடல் வைக்கும் உச்சவரம்புதான். ஏ1 என்ற மாறிலி, மதிப்பு 0.31. அதை ஏற்றினால் பிரிவு தள்ளிப்போய்க் குமிழி சுருங்கும், படமும் அழகாக வரும், அடுத்த வடிவத்தில் காலை வாரிவிடும். இந்தத் திருகல் வேலை எனக்குப் பிடிக்காது.

கூர்மையான விளிம்பு இருந்தால் கதை வேறு. டிரைவர்-சீக்மில்லரின் 1985 பின்படிச் சோதனையில் (தரை சட்டென்று ஒரு படி கீழே இறங்கும்) மறுஒட்டல் படி உயரத்தைப் போல் 6.26 மடங்கில், எஸ்எஸ்டி அதற்கு நன்றாகவே கிட்டே வரும். பிரிவிடத்தை விளிம்பே முடிவு செய்துவிடுகிறது அல்லவா, மாடலுக்குப் பாதி வேலை மிச்சம்.

புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு: ஒய் பிளஸ் (சுவரிலிருந்து முதல் கட்டம் வரையுள்ள அலகற்ற தூரம்) 1-ஐ ஒட்டி இருக்கட்டும், ஏனென்றால் பிரியும் இடத்தில் சுவரருகே வேகம் ஏறும் விதத்தைச் சொல்லும் மடக்கை விதியே செல்லாது, அதை நம்பியிருக்கும் சுவர்ச் சார்பு அங்கே சும்மா ஒரு எண்ணைத் தரும். பிரிவை ஓட்டக்கோடு பார்த்துச் சொல்லாதீர்கள், சுவர் வெட்டுத் தகைவு குறி மாறும் இடத்தைப் பாருங்கள். ரெசிடுவல் (சமன்பாடுகளில் இன்னும் மிஞ்சும் பிழை) இறங்காமல் ஆடிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் குமிழிதான் ஆடுகிறது. நிலையற்ற ஓட்டமாக மாற்றிச் சராசரி எடுங்கள்.

குமிழியின் நீளமே முக்கியம் என்றால் டிடிஇஎஸ் (பிரிந்த பகுதியில் பெரிய சுழல்களை நேரடியாகக் கணக்கிடும் கலப்பு முறை) பக்கம் போகலாம், ஆனால் அங்கேயும் பிரிந்த படலத்தின் தொடக்கத்தில் சுழல்கள் எழத் தாமதமாகும், செலவும் பல மடங்கு. எனக்கு வரும் டிஃப்யூசர் (விரிந்துகொண்டே போகும் பாதை) வேலைகளுக்கு எஸ்எஸ்டியே போதும், எந்த வடிவம் முதலில் பிரிகிறது என்பதுதான் அங்கே கேள்வி.