பழைய தொலைபேசிக் கம்பியில் ஒரு வெளிப்புற மோடம்: ஒன்பது ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

மோடம் என்பது தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியை இணையத்தோடு இணைக்கும் கருவி. வி.90 என்ற வேகத் தரத்தில் இயங்கும், கணினியின் சீரியல் போர்ட் என்ற செருகுவாயில் இணைக்கும் வெளிப்புற மோடம் ஒன்றை ஒரே தொலைபேசி இணைப்பில் ஒன்பது ஆண்டுகள் பயன்படுத்தினேன். வாங்கிய முதல் வாரத்திலிருந்தே, இணைப்பு கிடைத்த நேரம், கிடைத்த வேகம், அறுந்த நேரம், அப்போது திரையில் வந்த பிழை எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வந்தேன். அந்த நோட்டைப் புரட்டியபடிதான் இதை எழுதுகிறேன். ஒன்பது ஆண்டுகளில் அந்த மோடம் ஒருமுறைகூடப் பழுதாகவில்லை. ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளும் அதன்மீதுதான் பழி போட்டுக்கொண்டிருந்தேன். மோடத்தை இயக்கும் டிரைவர் மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவினேன், விண்டோஸையே இருமுறை புதிதாக நிறுவினேன், இன்னொருவரிடம் மோடத்தை இரவல் வாங்கிப் பார்த்தேன். அவ்வளவுக்கும் காரணமான கோளாறு, சுவரிலுள்ள சாக்கெட்டைத் தாண்டி வெளியே கம்பியில் இருந்தது.

இதற்கு முன் கணினிக்குள்ளேயே பொருத்தும் மோடம் ஒன்று இருந்தது. மோடம் செய்ய வேண்டிய கணக்குகளில் பெரும்பகுதியைக் கணினியின் செயலியிடமே தள்ளிவிடும் மென்பொருள் மோடம் அது. கனமான நிரல் ஒன்றைத் திறந்தால் இணைப்பு தடுமாறும். ஒரு மழை நாளில் மின்னல் அதைக் கொன்றது. கணினி நன்றாக இருந்தது, தொலைபேசியில் டயல் டோன் கேட்டது, மோடம் மட்டும் பிழை 680, அதாவது டயல் டோன் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னது. மின்சாரப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொலைபேசிக் கம்பியை அப்படியே விட்டிருந்ததுதான் நான் செய்த தவறு. வெளிப்புற மோடத்துக்கு மாறியதற்கு அதுவே காரணம். முன்புறம் வரிசையாக எரியும் சிறு விளக்குகளைப் பார்த்தே தரவு போகிறதா, நின்றுவிட்டதா என்று அறிய முடிந்தது கூடுதல் ஆதாயம். வெளிப்புற மோடத்துக்குக் கணினியின் சீரியல் போர்ட்டில் 16550 வகைச் சில்லு இருப்பது அவசியம். அதில் 16 பைட் தாங்கும் இடைநினைவகம் உண்டு. பழைய 8250, 16450 வகைகளில் அந்த வசதி இல்லாததால் வேகம் கூடும்போது எழுத்துகள் தவறிப்போகும்.

வேகத்தைப் பற்றிய ஏமாற்றத்தையும் பதிவு செய்ய வேண்டும். பெட்டியில் 56 கே, அதாவது நொடிக்கு 56,000 பிட், என்று அச்சிட்டிருக்கிறதே என்று நம்பி வாங்கியவர்களில் நானும் ஒருவன். தொலைபேசியில் குரலுக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசை ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான். டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச், அதாவது தொலைபேசி நிலையம், அந்தக் குரலை நொடிக்கு 8,000 முறை, முறைக்கு 8 பிட் வீதம் அளந்து 64 கிலோபிட் ஓட்டமாக மாற்றுகிறது. 1998இல் வந்த வி.90, இணையச் சேவையாளரின் முனை எக்ஸ்சேஞ்சுடன் டிஜிட்டலாகவே இணைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு செயல்படுகிறது. வழியில் இன்னொரு அனலாக் மாற்றம் குறுக்கிட்டால் அது பழைய வி.34க்கு இறங்கிவிடும், அங்கே உச்சம் நொடிக்கு 33,600 பிட். வி.90 கிடைக்கும்போதும் மேலேற்றும் வேகத்தின் உச்சம் அதே 33,600தான். என் கம்பியில் நல்ல நாளில் 44,000 அல்லது 45,333 காட்டும். 50,000ஐ ஒருநாளும் தொடவில்லை. திரையில் 115,200 என்று வருவதைப் பார்த்து மகிழ்பவர்களைக் கண்டிருக்கிறேன். அது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான சீரியல் போர்ட்டின் வேகம். கம்பியில் ஓடும் வேகத்தோடு அதற்குத் தொடர்பில்லை.

மோடத்தின் ஒலிபெருக்கியை அணைத்துவிடுவது பலருடைய வழக்கம். கோளாறு தேடுகிறவர் அதைச் செய்யக்கூடாது என்பேன், ஏனென்றால் இணைப்பு எந்தக் கட்டத்தில் சிக்குகிறது என்பதைப் பிழை எண்ணைவிடக் காது விரைவாகச் சொல்லும். டயல் டோன், எண்களின் ஒலி, மறுமுனை எடுத்தவுடன் நீளமாக வரும் 2,100 ஹெர்ட்ஸ் ஒலி, அதன்பின் இரு மோடங்களும் பேரம் பேசும் கீச்சொலி, கடைசியில் சீறும் இரைச்சல் என்று அது ஒழுங்காக நகரும். நீண்ட ஒலி வந்தபின் பேரம் முடியாமல் மீண்டும் மீண்டும் சுற்றினால் கம்பியில் இரைச்சல் இருக்கிறது என்று பொருள். சீறல் அடங்கிய பிறகு பிழை 691 வந்தால் கம்பியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. பிழை 678 வந்தால் மறுமுனையிலிருந்து பதில் வரவில்லை என்று பொருள். டயல் செய்யும் எண்ணை ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

680ஐப் பொறுத்தவரை, மின்னல் அடித்த மோடத்தைத் தவிர வேறு இரண்டு காரணங்களையும் சந்தித்தேன். முதலாவதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மோடத்தின் பின்புறம் இரண்டு துளைகள் உண்டு, ஒன்று சுவரிலிருந்து வரும் கம்பிக்கு, மற்றொன்று தொலைபேசிக்கு. ஒட்டடை அடித்துவிட்டு அவற்றை மாற்றிச் செருகியிருந்தேன். இரண்டாவது, குரல் அஞ்சலில் செய்தி காத்திருந்தால் டயல் டோன் விட்டுவிட்டு ஒலிக்கும். மோடத்துக்கு அது டயல் டோனாகவே படவில்லை. விண்டோஸின் மோடம் அமைப்பில் கூடுதல் தொடக்கக் கட்டளைகள் என்ற இடத்தில் ஏடிஎக்ஸ்3 என்று எழுதியதும், டயல் டோனுக்குக் காத்திராமல் மோடம் டயல் செய்யத் தொடங்கியது. அந்தக் கட்டளையை நிரந்தரமாக வைப்பதை நான் விரும்பவில்லை, ஏனெனில் கம்பி உண்மையிலேயே செத்துக் கிடந்தாலும் மோடம் அதைச் சொல்லாமல் டயல் செய்துகொண்டே இருக்கும்.

இனி, இரண்டு ஆண்டுகள் என்னை அலைக்கழித்த கோளாறுக்கு வருகிறேன். மாலையில் இணைத்தால் 15 நிமிடத்தில் அறுந்துவிடும். மீண்டும் இணைத்தால் 26,400 என்று காட்டும். மழை பெய்தால் அதுவும் கிடைக்காது. தொலைபேசியை எடுத்துப் பேசினால் லேசான கரகரப்பு மட்டும் கேட்கும், பேச்சுக்கு அது தடையே இல்லை. புகார் கொடுத்தால் என் எண்ணுக்கு அழைத்துப் பேசிப் பார்த்துவிட்டு, லைன் தெளிவாக இருக்கிறது என்று புகாரை முடித்துவிடுவார்கள். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. அழைப்பு வந்த பிறகு அரை மணி நேரம் எனக்கும் இணைப்பு நன்றாகவே இருந்தது. யாராவது அழைத்தால் லைன் சரியாகிறது என்று நோட்டில் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறேன், ஆனால் அதன் பொருள் அப்போது விளங்கவில்லை.

பின்னால் வந்த ஒரு மூத்த லைன்மேன்தான் விளக்கினார். கம்பி சும்மா இருக்கும்போது அதில் ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் இருக்கிறது; மணி அடிக்கும்போது 75 முதல் 90 வோல்ட் வரை மாறுமின்னழுத்தம் பாய்கிறது. செம்புக் கம்பிகளை முறுக்கிய ஜாயின்ட்டில் பச்சைக் களிம்பு படிந்திருந்தால், மணியின் மின்னழுத்தம் அந்தப் படலத்தைத் துளைத்துத் தற்காலிகமாகத் தொடர்பைச் சீராக்கிவிடும், சற்று நேரத்தில் படலம் மீண்டும் மூடிக்கொள்ளும். சோதிப்பதற்காக அழைத்த அழைப்பே கோளாறை மறைத்துக்கொண்டிருந்தது! வீட்டு வெளிச்சுவரின் பெட்டியை அவர் திறந்தபோது இரண்டு ஜாயின்ட்கள் பச்சையாக இருந்தன. வெட்டிவிட்டுப் புதிதாக முறுக்கி, நீர் புகாத ஜெல் நிரப்பிய இணைப்பானில் அடைத்தார். அன்று மாலை முதன்முறையாக 44,000 என்று எழுதினேன்.

அதன்பின் கம்பியைச் சோதிப்பதற்கு நான் கடைப்பிடித்த முறை எளிது. தொலைபேசியை எடுத்து ஏதேனும் ஒரு எண்ணை மட்டும் அழுத்தினால் டயல் டோன் நின்று சில நொடிகள் அமைதி நிலவும், அந்த அமைதியில் கேட்பதுதான் கம்பியின் உண்மை நிலை. ஒரே சீரான தாழ்ந்த ரீங்காரம் என்றால் மின்கசிவையோ பக்கத்தில் ஓடும் மின்கம்பியையோ சந்தேகிக்கலாம். விட்டுவிட்டு வரும் கரகரப்பு என்றால் ஜாயின்ட். அடுத்த வேலை, வீட்டிலுள்ள மற்ற தொலைபேசிகள், பதிலளிக்கும் கருவி, ஃபேக்ஸ், மின்னெழுச்சித் தடுப்பான் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே மோடத்தைச் செருகிப் பார்ப்பது. அங்கே நன்றாக இருந்து அறையில் மோசமானால் குற்றம் வீட்டுக்குள் இருக்கிறது. என் வீட்டில் அப்படி இரண்டு அகப்பட்டன. ஒன்று, முறுக்கில்லாத தட்டை வடத்தை மின்சார வடத்தோடு சேர்த்துக் கட்டி நான் ஓட்டியிருந்த நீட்டிப்பு; மற்றொன்று, பல மின்னல்களைத் தாங்கித் தேய்ந்துபோயிருந்த தடுப்பான். பாதுகாப்புக்காக வைத்த கருவியே இரைச்சல் தரும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அழைப்புக் காத்திருப்பு வசதி தனித் தொல்லை. பேசிக்கொண்டிருப்பவருக்கு அது ஒரு சிறு ஒலி, மோடத்துக்கோ மறுமுனை காணாமல் போனதற்குச் சமம். டயல் செய்யும்போதே அந்த வசதியை நிறுத்தும் குறியீட்டை எண்ணுக்கு முன் சேர்ப்பதுதான் சரியான வழி. அந்தக் குறியீடு இல்லாதவர்கள் மோடத்தின் அமைப்புகளில் ஒன்றான எஸ்10 என்ற பதிவேட்டைத் திருத்தலாம். மறுமுனையின் ஒலி நின்றபின் எத்தனை நேரம் பொறுத்துவிட்டுத் துண்டிப்பது என்பதை அது நொடியில் பத்தில் ஒரு பங்குகளாகக் குறிக்கிறது. பல மோடங்களில் 14, அதாவது 1.4 நொடி என்று வருகிறது. நான் 50 வைத்தேன், பாதிக்குப் பாதி தப்பியது. வி.90க்கு அடுத்து வந்த வி.92 மோடங்களில் அழைப்பை எடுத்துப் பேசிவிட்டு மீண்டும் தொடரும் வசதி உண்டு என்றாலும், சேவையாளரின் முனையும் அதற்கு இசைய வேண்டும்.

நோட்டு எழுதியதால் கிடைத்த பெரிய பலன் ஒன்று உண்டு. ஓரிரு மாதங்கள் இணைப்பு சரியாக 20 நிமிடத்தில் அறுந்தது. கம்பியின் கோளாறு கடிகாரம் பார்த்து வராது. தேடியபோது, 20 நிமிடம் சும்மா இருந்தால் துண்டிக்கவும் என்ற விண்டோஸ் தெரிவில் எப்போதோ நானே குறியிட்டிருந்தது தெரிந்தது. நீண்ட பக்கங்களை இறக்கிவைத்து நிதானமாகப் படிக்கும் என் பழக்கத்துக்கு அது பொருந்தவில்லை.

வேகத்தை நானாகக் குறைத்துக்கொண்டதைப் பலர் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். மழைக்காலம் முழுவதும் வி.90ஐ முடக்கி, வி.34இல் மட்டும் இணையும்படி தொடக்கக் கட்டளை எழுதி வைத்தேன். கட்டளை சில்லுக்குச் சில்லு வேறுபடும், மோடத்தின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் திரை காட்டும் 45,333 அந்தக் கணத்துக்கு மட்டுமே உண்மை. இரைச்சல் வரும்போதெல்லாம் மோடங்கள் தரவை நிறுத்திவிட்டு மறுபயிற்சி செய்கின்றன, அதாவது கம்பியின் நிலையை மீண்டும் அளந்து பேரம் பேசுகின்றன, ஒவ்வொன்றும் பல நொடிகளை விழுங்கும், அதன்பின் வேகமும் இறங்கியிருக்கும். 31,200இல் இரண்டு மணி நேரம் அசையாமல் நின்ற இணைப்பில், 45,333இல் தொடங்கிப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திணறிய இணைப்பைவிட அதிகமாக இறக்க முடிந்தது.

கடைசி ஆண்டில் செம்புக் கம்பி போய், குரலை இணையப் பொட்டலங்களாக அனுப்பும் அடாப்டர் வந்தது. அதே மோடத்தை அதிலும் செருகிப் பார்த்தேன். குரலைச் சுருக்கும் கோடெக்கில், அதாவது குரலைத் தரவாக மாற்றும் முறையில், இணைப்பே கிடைக்கவில்லை. அடாப்டரைச் சுருக்கமில்லாத ஜி.711க்கு மாற்றி, மோடத்தை 14,400க்குக் கட்டுப்படுத்தியபோது இணைந்தது. ஆனால் ஒரு பொட்டலம் தாமதமானாலும் மறுபயிற்சி, இரண்டு தவறினால் துண்டிப்பு. எஸ்10ஐ எவ்வளவு உயர்த்தியும் பயனில்லை. நோட்டின் கடைசிப் பதிவு அந்த அடாப்டரில் எடுத்ததுதான்: 14,400, ஆறு நிமிடம்.